முதற்பெயர், கடைசிப்பெயர்

பேர்லின் மாநகரில் சில்வெஸ்டரை முப்பத்தைந்து ஆண்டுகளாக எல்லோரும் லூக்காஸ் என்றே அழைத்துவந்தனர். லூக்காஸ் அவருடைய தகப்பனார். சொந்த ஊரான பேசாலையில் அடக்கம் செய்யப்பட்டவர். அகதி விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்துள் தகப்பன் பெயரை எழுதிக்கொடுத்த நாள்முதல், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலும் பணிமனையின் பெயர்ப்பட்டியலிலும் இறந்தவரே அழைக்கப்பட்டார். இருந்தவர் எழுந்துபோய் நின்றார். அதை அவர் ஒரு குறையாக எண்ணியதில்லை. தகப்பன் பெயரை முன்னே நிறுத்தித் தன் பெயரை அதன்பின் நிறுத்துவதே முறை என்பது அவர் கொள்கை. முன்னே நிற்பவரை முதலில் அழைப்பதில் பிழை என்ன?

வார நாட்களில் அவர் நகரின் நொய்கெல்ன் பகுதித் தென்கோடியில் உள்ள பணிமனையில் பேருந்து கழுவுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்ட நடுவர். நகரத்தின் கீழ்ப்படி லீக்குகளில், சேறும் சரளையுமான மைதானங்களில், பதினேழு ஆண்டுகளாக விசில் ஊதியவர். ஓட்டத்தில் அவரை மிஞ்சிய நடுவர்கள் உண்டு. பெயர் பார்ப்பதில் இல்லை. ஆட்டத்துக்கு முன் வீரர்களை வரிசையில் நிறுத்தி, ‘பாஸ்’ என்னும் அடையாள அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தை மற்றவர்கள் சடங்காகக் கழிப்பார்கள். சில்வெஸ்டர் அதைப் பூசைபோலச் செய்வார்.

ஒருமுறை தமிழ் இளைஞர் அணியொன்றில் நிலக்ஷன் என்ற வீரனின் அட்டையோடு அவன் தம்பி நிதுசன் வந்து நின்றான்.

"நீ நிலக்ஷன் இல்லை."

"நான்தான் அண்ணை. தாடி எடுத்திட்டன்."

"தாடி எடுத்தால் காது மாறாது. நிலக்ஷனுக்கு ஒட்டின காது. ரெண்டு தரம் சிவப்பு காட்டினனான், கிட்ட நிண்டு பாத்தனான்."

வரிசை முழுவதும் சிரித்தது. நிதுசனைச் சேர்க்காமல் பத்துப் பேரோடு ஆடி ஏழு கோல் வாங்கிய பிறகு எவரும் சிரிக்கவில்லை. "அந்தோனியாரே வந்து விளையாடக் கேட்டாலும் உந்த மனிசன் பாஸைக் காட்டுங்கோ எண்டுதான் சொல்லும்" என்று நிதுசன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். காது அண்ணை என்ற பெயர் அன்று நிலைத்தது. சில்வெஸ்டருக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி.

அவருக்கும் யோசப்பினுக்கும் பிறந்த ஒரே பிள்ளை யூட்சன். தடுப்பாட்டக்காரன். மின்பணிப் பயிற்சியை இரண்டாம் ஆண்டில் கைவிட்டுவிட்டுப் பந்தின் பின்னே போனவன். ஜேர்மனியின் நான்காம் படியிலும் ஐந்தாம் படியிலும் கழகம் கழகமாக அலைந்து, இருபத்தெட்டு வயதில், அயர்லாந்தின் இரண்டாம் படி லீக்கில் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் பெற்றான். பத்துக் கழகங்கள், ஒவ்வொன்றும் மற்றதை நான்கு முறை சந்திக்க வேண்டும். பெப்ரவரியின் உறைபனியில் தொடங்கி ஒக்டோபரின் மழையில் முடியும் நெடும்பயணம். அங்கே ஆட்டம் பார்க்க வருவோரைவிட நொய்கெல்னில் பூசைக்கு வருவோர் அதிகமாயிருக்கும் நாட்களும் உண்டு. எனினும் ஒவ்வொரு ஆட்டமும் இணையத்தில் ஒளிபரப்பாகும். கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஒன்றையும் விடாமல் பார்த்தார்கள்.

முதல் ஆட்டத்தில் ஒரு வியப்பு நேர்ந்தது. யூட்சன் பந்தைத் தொட்டபோதெல்லாம் வர்ணனையாளர் "சில்வெஸ்டர்" என்றார். சில்வெஸ்டர் தடுத்தார், சில்வெஸ்டர் தலையால் முட்டினார், சில்வெஸ்டருக்கு மஞ்சள் அட்டை. மகனுடைய குடும்பப் பெயர் அதுதான் என்பது தகப்பனுக்குத் தெரியாததல்ல; பிறப்புப் பதிவில் முறைப்படி தன் பெயரைக் கொடுத்தவரே அவர். ஆனால் அயல்நாட்டில் தன் சொந்தப் பெயர் இத்தனை குரலெடுத்து ஒலித்ததை அவர் அதுவரை கேட்டதில்லை. யோசப்பின் அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத்தான் மஞ்சள் காட்டினவங்கள், இருங்கோ பேசாமல்" என்றாள்.

மஞ்சள் அட்டைகளைச் சுவரிலிருந்த பங்குக்கோயில் நாட்காட்டியில், அந்தந்த நாளின் கட்டத்துள், மஞ்சள் பென்சிலால் குறித்துவைத்தார். நடுவரின் பழக்கம். ஜூன் முடிவில் மூன்று குறிகள் இருந்தன.

ஜூலையில் அந்தக் கழகம் யூட்சனை விடுவித்தது. அதே லீக்கில், மேற்குக் கரையிலிருந்த இன்னொரு கழகம் அவனை ஏற்றது. பிறப்புச் சான்றின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டியிருந்ததால் பதிவுப் படிவத்தை மகன் பேர்லினுக்கே அனுப்பினான். "அப்பா, மற்ற விவரங்களையும் நீங்களே நிரப்பி அனுப்புங்கோ. எனக்கு இண்டைக்கு மூண்டு தரம் ட்ரெயினிங்."

சில்வெஸ்டர் கை கழுவி, மேசையைத் துடைத்து, கறுத்த மையால் எழுத உட்கார்ந்தார். ஜேர்மன் படிவம் என்றால் குடும்பப் பெயர் என்று தெளிவாகக் கேட்டிருக்கும். இதுவோ ஆங்கிலம். குடும்பம் என்ற சொல்லே அதில் இல்லை. ஃபர்ஸ்ட் நேம் ஒன்று, லாஸ்ட் நேம் ஒன்று. முதற்பெயர், கடைசிப்பெயர். அவர் மகனின் முழுப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்: சில்வெஸ்டர் யூட்சன். முதலில் வருவது எது? தகப்பன் பெயர். கடைசியில் வருவது எது? பிள்ளை பெயர். ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. முதற்பெயர் சில்வெஸ்டர், கடைசிப்பெயர் யூட்சன் என்று பெரிய எழுத்தில், ஒரு கோடும் கட்டத்தைத் தாண்டாமல் எழுதினார்.

ஓகஸ்டில் வர்ணனையாளர் "யூட்சன்" என்று அழைக்கத் தொடங்கினார். மகன் தொலைபேசியில் சிரித்தான். "என்ரை சேட்டிலை யூட்சன் எண்டு அடிச்சிருக்கிறாங்கள் அப்பா. பறவாயில்லை, வடிவாத்தான் கிடக்கு." தகப்பனும் சிரித்தார். அவன் பெயர் அவனுக்கே போய்ச் சேர்ந்தது நல்லதென்றுகூட நினைத்தார்.

பருவத்தின் கடைசி இரு ஆட்டங்கள் எஞ்சியபோது யூட்சனின் கழகம் ஐந்தாம் இடத்தில் நின்றது. ஐந்தாம் இடம்வரை வந்தவர்களுக்கே மேற்படிக்குப் போகும் தகுதி ஆட்டங்கள் உண்டு. அந்த வாயிலில் நுழைந்தால் அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் என்று பயிற்சியாளர் யூட்சனிடம் சொல்லியிருந்தார். நுழையாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதில், முழங்காலில் இரண்டு வெட்டுத் தழும்புகளோடு இருப்பவனுக்கு அதைச் சொல்லவும் தேவையில்லை.

கடைசிக்கு முந்திய ஆட்டம் ஒரு சனிக்கிழமை. வென்றார்கள். எழுபதாம் நிமிடத்தில் யூட்சன் எதிரியின் சட்டையைப் பிடித்திழுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். சில்வெஸ்டர் வெற்றியின் மகிழ்ச்சியில் அந்த நாளையும் குறித்துவிட்டு, அதன் விளைவை எண்ணாமலே படுத்தார்.

திங்கட்கிழமைத் தேநீர் வேளையில், உடன் வேலைசெய்யும் குமாரசாமி கைப்பேசியை நீட்டினான். யாழ்ப்பாணத்துக்காரன், யூட்சனின் ஆட்டங்களைச் சில்வெஸ்டரைவிட உரத்த குரலில் பார்ப்பவன்.

"அண்ணை, மகன் திருந்திட்டான் போல. ரெண்டு மஞ்சள்தான் கிடக்கு."

"அஞ்சு."

"இதிலை ரெண்டு எண்டு போட்டிருக்கு."

"என்ரை கலண்டரிலை அஞ்சு."

"உங்கடை கலண்டர் கோயில் அடிச்சது அண்ணை. இது லீக் அடிச்சது."

சில்வெஸ்டர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். லீக்கின் பக்கத்தில் சில்வெஸ்டர் யூட்சன் என்றொரு வீரர். ஓகஸ்ட் முதல் ஆடுகிறார். இரண்டு மஞ்சள் அட்டை. யூட்சன் சில்வெஸ்டர் என்று வேறொரு வீரர்; ஜூனோடு ஆட்டம் முடித்தார்; மூன்று மஞ்சள் அட்டை. இருவர் முகமும் ஒன்று.

குமாரசாமி எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க ஒரு பிள்ளைதானே பெத்தனீங்கள். இஞ்சை ரெண்டு பேர் நிண்டு விளையாடுறாங்கள்."

சில்வெஸ்டர் இரண்டு பெயரையும் மீண்டும் படித்தார். ஒரு பருவத்தில் ஐந்து மஞ்சள் வாங்கியவன் அடுத்த ஆட்டத்தில் இறங்கலாகாது. கழகம் மாறினாலும் அட்டை ஆளோடே போகும். வரும் சனிக்கிழமை நடக்கும் கடைசி ஆட்டத்தில் யூட்சன் வெளியே இருக்க வேண்டியவன். அது கழகத்துக்கும் தெரியாது, லீக்குக்கும் தெரியாது. அவன் இறங்கி ஆடி, பின்னொரு நாள் எவரேனும் அந்த இரண்டு முகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆட்டத்தையே பறித்து எதிரணிக்குக் கொடுப்பார்கள். யூட்சனோடு மற்ற இருபது பேரின் பருவமும் அழியும். அத்தனைக்கும் வேர் தன் கையால் எழுதிய இரண்டு சொற்கள்.

அன்று மாலை யோசப்பினிடம் சொன்னார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்தவள், காலணியைக் கழற்றாமலே கேட்டாள்.

"ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

"நீங்க அங்கை றெஃப்ரி இல்லை. நீங்க அவனுக்கு அப்பா."

"பிறகு பிடிபட்டால் எல்லாருக்கும் போகும், யோசப்பின்."

"மூண்டு மாசமா ஒருத்தரும் பிடிக்கேல்லை. ஒரு சனிக்கிழமைதானே கிடக்கு. உங்கடை பிழையை ஏன் பிள்ளையின்ரை தலையிலை கட்டுறீங்கள்?"

 அவள் சொன்னதில் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை மகனை அழைத்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். படிவத்தை, இரண்டு பெயரை, மூன்றையும் இரண்டையும். மகன் கேட்டான்.

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. குமாரசாமிக்கு."

"லீக்குக்கு?"

"தெரியாது."

"அப்ப சரி."

பதினேழு ஆண்டுகளாக எத்தனையோ வீரர்களின் வாயில் அவர் கேட்ட சொல் அது. தன் வீட்டுக் குரலில் கேட்டது இதுவே முதல் தடவை.

"சரியில்லை யூட்சன். நீயே போய்ச் சொல்லு. நீ சொன்னால் அது உனக்கு மரியாதை."

"அப்பா, இந்த மட்ச் இல்லையெண்டால் எனக்கு ஃபெர்ட்ராக் இல்லை. கையெழுத்து வைக்க ஒரு ஒப்பந்தத் தாளும் வராது. பிறகு பேர்லினுக்கு வந்து நான் என்ன செய்யிறது? உங்களோடை சேர்ந்து பஸ் கழுவிறதோ?"

"கழுவினால் என்ன?"

 மகனின் குரல் தணிந்தது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்கு வேறை ஒண்டும் தெரியாது அப்பா. இது ஒண்டுதான் தெரியும். நானில்லாமல் அவங்கள் தாங்கமாட்டாங்கள், கோர்ணர் வந்தால் ஒருத்தனும் தலையாலை அடிக்க எழும்பமாட்டான். எழுதினது நீங்கள். நீங்களே அதைப் பேசாமல் வைச்சிருங்கோ."

"வெள்ளி பின்னேரம் வரைக்கும் பாப்பன்."

"பாத்திட்டு?"

சில்வெஸ்டர் தொலைபேசியை வைத்தார்.

ஒக்டோபர், செபமாலை மாதம் அது. ஒவ்வொரு மாலையும் அவ்விருவரும் சமையலறையில் முழந்தாளிட்டனர். மகன் தானாகவே வாய்திறக்க வேண்டுமென்று அவர் மன்றாடினார். உலகம் கண்மூடியிருக்க வேண்டுமென்று அவள் மன்றாடினாள். ஒரே அறையிலிருந்து, ஒரே மாதாவிடம், இரண்டு வேண்டுதல்களும் எதிரெதிரே சென்றன. வியாழன் காலை நாட்காட்டியைப் பார்த்தபோது சென்ற சனிக்கிழமைக் கட்டத்திலிருந்த ஐந்தாம் குறி அழிக்கப்பட்டிருந்தது. அழிரப்பர் போதாமல் கத்தியால் சுரண்டியிருக்கிறாள். மஞ்சளும் போயிற்று, தாளும் போயிற்று; துளையினூடே நவம்பர் தெரிந்தது.  அன்று பணிமனையில் ஒரு பேருந்தை இரண்டு முறை கழுவினார். அதைக் குமாரசாமி சொல்லித்தான் அறிந்தார்.

"அண்ணை, விடுங்கோ" என்றான் குமாரசாமி. இப்போது அவன் சிரிக்கவில்லை. "அவங்கள் பாஸ் பாக்காதது அவங்கடை பிழை. ஒரு காதைக் கண்டுபிடிச்சீங்கள் எண்டதுக்காக எல்லாக் காதையும் நீங்கதான் பிடிக்கோணுமோ?"

"நிதுசனை நான் விடேல்லையே."

"அவன் ஆரோ. இவன் உங்கடை பிள்ளை."

"அதுதான் ஏலாமல் கிடக்கு" என்றார் சில்வெஸ்டர்.  அயலான் பிள்ளையைப் பத்துப் பேர் பார்க்க வெளியேற்றிய கை இது. தன் பிள்ளைக்காக இந்தக் கையை மடித்துவைத்தால், அந்தப் பதினேழு ஆண்டும் நடுவராயிருந்தது யார்?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை மகனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஐந்தேகாலுக்கு அவரே அழைத்தார். மணி ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. ஐந்தரைக்குக் கழக அலுவலகத்தின் எண்ணை அழுத்தினார். அழுத்தும்போது யோசப்பின் கதவருகில் நின்றிருந்தாள். தடுக்கவில்லை. அறையை விட்டுப் போனாள்.

கழகச் செயலாளர் ஒரு பெண்மணி. இன்முகம் குரலிலேயே தெரிந்தது. சில்வெஸ்டர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தாம் எழுதிய முதற்பெயர் உண்மையில் கடைசிப்பெயர் என்றும், கடைசிப்பெயரே முதற்பெயர் என்றும் சொன்னார். செயலாளர் வேடிக்கை என்றெண்ணிச் சிரித்தார். பிறகு விசைப்பலகை தட்டும் ஓசை. பிறகு அந்த ஓசையும் நின்றது.

"இதை ஏன் எங்களுக்குச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். கோபமில்லை, விளங்கிக்கொள்ளவே கேட்டார்.

விளக்கம் அவரிடம் தமிழில் நிறைய இருந்தது. ஆங்கிலத்தில் கிடைத்தது ஒன்றே. "நான் நடுவர்" என்றார்.

சனிக்கிழமை பேர்லின் நேரம் ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அணிப்பட்டியலில் யூட்சன் இல்லை. எதிரே ஆறாம் இடத்து அணி. சமநிலை கிடைத்தாலும் யூட்சனின் கழகத்துக்குப் போதும். ஒரு கோல் வாங்கினால் இடம் கைமாறும். யோசப்பின் நான்கு நாட்களாகக் கணவனோடு பேசவில்லை. ஆயினும் வழக்கமான கதிரையில் வந்தமர்ந்து செபமாலையை எடுத்தாள். ஒப்பந்தத்தைப் பற்றி இருவருக்கும் ஒரே எண்ணம் இருந்தது: மகன் இல்லாமலே அணி தாங்கிவிட்டால், அந்தத் தாள் வந்துவிடலாம். பயிற்சியாளர் சொன்னது அணி நுழைந்தால் என்றுதானே? அவன் ஆடினால் என்றல்லவே?

முதற்பாதி கோலின்றிக் கழிந்தது. இரண்டாம் பாதியில் மழை பிடித்தது. ஒளிக்கருவியின் கண்ணாடி நனைந்து, வீரர்கள் நீருக்குள் ஓடுபவர்கள்போலத் தெரிந்தனர். எதிரணி அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. யோசப்பின் கண்களை மூடினாள். சில்வெஸ்டர் பனிக்காலத்தில் விறைத்த கையைப் பிசைவதுபோலத் தம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

எண்பதாம் நிமிடத்தில் அவர் கைப்பேசி ஒலித்தது. யூட்சன்.

"எங்கை நிக்கிறாய்?"

"ஸ்டாண்டிலை. ஆக்களோடை."

"நனையிறாயோ?"

"நீங்களும் கேளுங்கோ" என்றான் மகன்.  கைப்பேசியைக் கூட்டத்தை நோக்கிப் பிடித்தான் போலும். மழையும், பாட்டும், யாரோ முதியவரின் வசையும் ஒருங்கே வந்தன. சில்வெஸ்டர் யோசப்பினுக்குக் கேளாதவாறு அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். மகன் தண்டிக்கிறானா, துணை தேடுகிறானா என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவாயினும் கேட்டிருக்க வேண்டியவர் அவரே.

சற்றுநேரத்தில் ஒன்றை உணர்ந்தார். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துவரவில்லை. காதில் கூட்டம் ஆர்ப்பரித்து அடங்கியது. வெகுநேரம் கழித்தே திரையில் அவர்களுடைய அணி முன்னேறிப் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தது. ஒளிபரப்பு பிந்தி வருகிறது. எண்ணிப் பார்த்தார், நாற்பது நொடிக்குக் குறையாது. மகன் நிற்கும் நேரம் வேறு, தாங்கள் அமர்ந்திருக்கும் நேரம் வேறு.

"எவ்வளவு கிடக்கு?" என்று யோசப்பின் கேட்டாள். நான்கு நாட்களில் அவள் கேட்ட முதற் கேள்வி.

"மூண்டு நிமிசம்."

அவள் தலையசைத்தாள். செபமாலையில் சனிக்கிழமைக்குரிய மகிழ்ச்சி மறையுண்மைகளில் ஐந்தாவதைத் தொடங்கினாள்: மூன்று நாள் தேடியலைந்து, காணாமற்போன பிள்ளையைப் பெற்றோர் ஆலயத்தில் கண்டது. உதடுகள் விரைந்து அசைந்தன.

கைப்பேசியில் பாட்டு நின்றது. தொலைவில், மைதானத்தின் ஏதோ ஒரு மூலையில், சிறியதொரு கூட்டம் வெடித்துக் கத்தியது. அருகில் எவரும் கத்தவில்லை. மழை மட்டும் கேட்டது. அந்த முதியவர் வையவும் இல்லை. பிறகு யூட்சன் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை, காதோடு காதாக, குழந்தைப் பருவத்தில் காய்ச்சல் வந்தபோது அவன் இழுத்த மூச்சைப்போலவே வந்தது.

"யூட்சன்" என்றார் மெதுவாக.

"கோர்ணர்" என்றான் மகன். "ஒருத்தனும் எழும்பேல்லை."

திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருந்தது. வெள்ளைச் சட்டை அணிந்த அவர்களுடைய அணி அதை அமைதியாக ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் ஐந்தாம் இடம் உறுதியாகிவருகிறது என்றார். யோசப்பினுக்கு அந்த ஆங்கிலம் விளங்கிற்று. அவள் கண் திறந்து, முதன்முறையாகக் கணவனின் முகத்தைப் பார்த்து, கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்க செய்தது சரியாத்தான் வந்திருக்கு" என்றாள். "மாதா விடேல்லை."

சில்வெஸ்டர் வாய் திறந்தார். திரையில் ஒரு வீரர் சறுக்கி விழுந்தார். பந்து எதிரணியின் காலுக்குப் போனது. அங்கிருந்து பக்கவாட்டில் பறந்து, தடுப்பவர் ஒருவரின் முழங்காலில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர் மூலைக் கொடியைச் சுட்டினார்: கோர்ணர். சரியான முடிவு. அவராயிருந்தாலும் அதையே கொடுத்திருப்பார்.

அந்தக் கோல் திரைக்கு வர இன்னும் பதினைந்து நொடி இருக்கலாம். அவள் விரல்கள் அடுத்த மணியைப் பற்றின. அவர் சொல்லவில்லை.